மே மாதத்துத் தொண்டு

கிறிஸ்தவ சேவை முகாம்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. கிராமத்துக்கு நாம் என்ன செய்தோம் என்பது பெரிதல்ல, அங்கே போன பிள்ளைகள் என்ன பெற்றுக்கொண்டு திரும்பினார்கள் என்பதே பெரிது என்கிறார்கள். முகாம் மலர்களில் இதை எழுதுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்லுகிறார்கள். நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு வெகு அடக்கமான வார்த்தையாக இருக்கிறது. எனக்கோ கோபம் வருகிறது.

அந்த வாக்கியத்தின்படி கிராமம் என்பது ஒரு பாடசாலைச் சாமான். வைத்தியக் கல்லூரி மாணவன் நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் படிப்பதுபோல, நம் பிள்ளைகள் ஏழையின் வீட்டைத் தொட்டுப் பார்த்துப் படிக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலாவது பக்கத்தில் ஒரு டாக்டர் நிற்பார். நோயாளிக்குக் குணமானதா என்று கேட்பவனிடம், அது கிடக்கட்டும், மாணவன் எவ்வளவு கற்றுக்கொண்டான் பாருங்கள் என்று பதில் சொல்லுகிற ஆஸ்பத்திரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதைச் சொன்னதும் ஒரு கோஷ்டி எனக்குக் கைகொடுக்க ஓடிவரும் என்பது தெரியும். முகாமெல்லாம் மதமாற்றத்துக்கு விரித்த வலை என்பது அவர்கள் கட்சி. நான் இரண்டு கோடைகள் அப்படிப்பட்ட ஒரு முகாமில் ஊழியனாக வேலை பார்த்தவன். காலையில் அரை மணி தியானம், இரவில் பாட்டும் ஜெபமும், அவ்வளவுதான். ஊர்ப் பிள்ளைகள் பாட்டுக் கேட்க வருவார்கள். சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. பெறும்படி ஒருவரும் கேட்கவுமில்லை. ஆகவே அந்தக் கோஷ்டியின் ஒத்தாசை எனக்கு வேண்டாம். இது வீட்டுக்குள் நடக்கிற சண்டை.

முகாமுக்கு வருகிறவர்கள் வேறு, ஊழியர்கள் வேறு. வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. மாணவர்கள் திங்கட்கிழமை வந்து சனிக்கிழமை போவார்கள். மறு வாரம் வேறு நாற்பது பேர். ஊழியர்களாகிய நாங்கள் ஆறேழு பேர் ஆறு வாரமும் அங்கேயே கிடப்போம். கைச்செலவுக்கு ஏதோ கொடுப்பார்கள். என் பொறுப்பு சாமான் கொட்டகை. மண்வெட்டி எத்தனை, சாந்துச் சட்டி எத்தனை, சிமெண்ட் எத்தனை மூட்டை என்று காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்க வேண்டும். ராமநாதபுரம் சீமையில் ஒரு கிராமம். ஏழைக் குடும்பங்களுக்கு ஒற்றை அறையும் திண்ணையுமாக வீடு கட்டிக் கொடுப்பது திட்டம்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பிள்ளைகள். முதல் நாள் கையில் கொப்புளம் வரும். இரண்டாம் நாள் துணியைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். மூன்றாம் நாள் வேலை கொஞ்சம் பிடிபடும். நான்காம் நாள் சுவர் நேராக எழும்ப ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை சாட்சிக் கூட்டம், கண்ணீர், செல்பேசியில் படம். சனிக்கிழமை பஸ் ஏறிவிடுவார்கள். திங்கட்கிழமை மறுபடியும் கொப்புளத்திலிருந்து ஆரம்பம். ஆறு வாரத்தில் வேலை தெரிந்த ஒருவனைக்கூட அந்த முகாம் உண்டாக்கவில்லை. வேலை தெரியாதவனைத்தான் ஆறு தடவை உண்டாக்கிற்று.

சுவரின் கதி என்ன என்று கேட்பீர்கள். ஒரு கொத்தனார் இருந்தார். ஐம்பது வயது, அதிகம் பேச மாட்டார். பிள்ளைகள் கட்டிய வரிசைக்குப் பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. "நல்லாயிருக்கு தம்பி" என்பார். இருட்டிய பிறகு என்னிடம் வந்து, "சாவியைக் குடுங்க. பிள்ளைக மனசு நோகப்படாது. ராத்திரியே பிரிச்சுக் கட்டிடுவோம்" என்பார். நான் அரிக்கன் விளக்கைப் பிடிக்க, அவர் அன்றைக்குக் கட்டிய மேல்வரிசைகளைச் சாந்து இறுகுமுன் பெயர்த்து, கல்லைச் சுரண்டி, மறுபடியும் வைப்பார். காலையில் பிள்ளைகள் வந்து, நேற்று நாம் கட்டிய சுவர் என்று பெருமையாகப் பார்ப்பார்கள். கொத்தனாருக்குப் பகல் கூலி உண்டு. ராத்திரிக்கு ஒன்றும் கிடையாது. கணக்கில் எழுத அதற்கு ஒரு கலம்கூட இல்லை.

இனி, மாதத்தைக் கவனியுங்கள். முகாம் மே மாதத்தில் நடக்கிறது. கிராமத்துக்கு மே மாதம் வசதி என்பதாலா? கல்லூரிக்கு லீவு என்பதால். செங்கல்லைக் கட்டுமுன் ஊறப்போட வேண்டும். சிமெண்டுச் சுவரைக் கட்டியபின் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நனைத்துவர வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் சில நாள் கூட. இல்லாவிட்டால் சாந்து பிடிக்காது. நகத்தால் சுரண்டினால் உதிரும். அக்கினி நட்சத்திரத்தில், ஊருணி வற்றி, பெண்கள் விடியற்காலம் மூன்று மணிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில், சுவருக்குத் தண்ணீர் காட்டுவது எப்படி? நாற்பது பேர் மண்ணில் புரண்டுவிட்டு மாலையில் குளிப்பது எப்படி? லாரியில் தண்ணீர் வந்தது. ஊரார் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோடையில் செய்வதற்கு அந்தச் சீமையில் வேலை இல்லாமலில்லை. கண்மாய் வற்றிக் கிடக்கிறதே, அது கோடைக்கு என்றே ஏற்பட்ட வேலை. வண்டலை வெட்டி வயலில் போட்டால் நிலத்துக்கு உரம். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாயில் கூடுதலாக நீர் நிற்கும். குடிமராமத்து என்று நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது இது. அந்த வழக்கம் தளர்ந்தபோது வெள்ளைக்காரச் சர்க்கார் 1858-ல் கட்டாயச் சட்டமே போட்டுப் பார்த்தது. மண் வெட்டுவதற்குத் தூக்குக்குண்டு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஆனால் வெட்டிய பள்ளத்தின்மேல் பெயர்ப் பலகை மாட்ட முடியாது. திறப்பு விழாவும் நடத்த முடியாது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது சித்தாள் விஷயம். அந்த ஊரில் நாலைந்து பெண்கள் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். கல் எடுத்துக் கொடுப்பது, கலவை சுமப்பது அவர்கள் ஜீவனம். வயல் வேலை அற்றுப்போன கோடையில் ஊருக்குள்ளேயே வீடு கட்டுகிறார்கள் என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டமாக இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் வேலையை நாற்பது பேர் இலவசமாகச் செய்ய வந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் தினமும் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கேட்டாள்: "ஏந் தம்பி, இந்தப் பிள்ளைக எப்ப ஊருக்குப் போகும்?" அவள் விரோதமாகக் கேட்கவில்லை. மழை எப்போது விடும் என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

தியானத்தில் ஒரு காலை திராட்சத் தோட்டத்து வேலையாட்களின் உவமையைப் படித்தோம். விடியற்காலம் வந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறான். அந்த எஜமானுடைய தாராளத்தைப் பற்றி அழகாகப் பேசினார்கள். அந்தக் கதையில் கூலி வாங்காமல் வீடு திரும்பியவன் ஒருவனும் இல்லை என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. கூலிக்காரனுக்குரியதைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று மோசேயின் பிரமாணம் சொல்லுகிறது. கூலிக்காரனையே விலக்கிவிட்டால் அந்தப் பிரமாணத்தை மீறாமலிருப்பது சுலபம்தான்.

இந்த முகாம் வழக்கத்துக்கு ஒரு மூலபுருஷர் உண்டு. பியேர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். தகப்பனார் அந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். மகனோ ராணுவ வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். முதல் உலகப் போர் முடிந்தபின், 1920-ல், வெர்டன் போர்க்களத்துக்கு அருகே இடிந்துபோன ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைத் திரும்பக் கட்டச் சிலரோடு போனார். கூட ஜெர்மானியரும் இருந்தார்கள். இடித்தவர்களின் ஜாதியே வந்து கட்டுகிறது. ஊரில் எதிர்ப்பு வந்தது, சில மாதத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் அங்கே யாருக்கு என்ன கடன் என்பது தெளிவாக இருந்தது. 1934 ஜனவரியில் பீகாரில் பூகம்பம் வந்தபோது அவர் நம் நாட்டுக்கும் வந்தார். 1937 வரை பல தடவை வந்து, மாதக் கணக்காகத் தங்கி, வெள்ளத்துக்குத் தப்பிய மேட்டு நிலத்தில் கிராமங்களைக் கட்ட உதவினார். அவர் தொழிலால் எஞ்சினீயர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் முகாம் மலர்களில் அவருடைய அன்பைப் போற்றுகிறார்கள். எஞ்சினீயர் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்திலேயே பார்க்கலாம். திருப்பத்தூரில் ஏசுதாசன் என்ற தமிழரும் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் டாக்டர்கள். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தார்கள். ஆறு நாளில் வந்து போகிறவனை யாரும் அண்ணன் என்று அழைப்பதில்லை, 'சார்' என்பார்கள்.

எல்லாரும் துறவு பூண முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது. நான் கேட்பது துறவு அல்ல. இரண்டாவது கோடையின் முடிவில் முகாம் கமிட்டியார் முன் மூன்று விஷயங்களைச் சொன்னேன். வருகிற மாணவன் நான்கு வாரம் தங்கட்டும். பத்துப் பேர் வந்தால் போதும். வீடு கட்டும் வேலையைக் கோடையில் வைக்க வேண்டாம். சித்தாள் கூலியை முகாம் கட்டணத்தில் சேர்த்து, அந்தப் பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, பிள்ளைகள் அவர்களிடம் வேலை பழகட்டும். கமிட்டியார் மரியாதையாகக் கேட்டார்கள். நான்கு வாரம் என்றால் பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள், பத்துப் பேர் என்றால் நன்கொடை குறையும் என்றார்கள். கூலி விஷயத்துக்கு வந்தபோது, கட்டணம் ஏற்கெனவே அதிகம், அதற்குமேல் ஏற்ற வழியில்லை என்றார் பொருளாளர்.

அந்தக் கட்டணத்தில் என்னென்ன அடக்கம் என்று கணக்கை வாங்கிப் பார்த்தேன். சாப்பாடு, பஸ், பாட்டுப் புத்தகம். பிறகு, முகாமின் பெயர் அச்சடித்த பனியன், ஆளுக்கு இரண்டு. இரண்டாவது பனியனின் விலை, அந்த அம்மாளின் ஒருநாள் கூலிக்குச் சற்று அதிகமாகவே இருந்தது.