ரோபோ கையெழுத்துப் போடுமா?

“மூளை ஆபரேஷனை இனி ரோபோவே செய்யும், மனிதத் தவறுக்கு இடமே இல்லை” என்கிற பாணியில் வரும் மருத்துவமனை விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று ஒரு இயந்திரக் கை நீண்டிருக்கும். பக்கத்தில் நாலைந்து டாக்டர்கள் கைகட்டிக்கொண்டு புன்னகை செய்வார்கள். அந்தக் கைகட்டல்தான் எனக்கு ஆகவில்லை. வேலையைச் செய்வது இயந்திரம், நாங்கள் மேற்பார்வை என்று அந்தப் படம் சொல்கிறது. அது பொய்.

மண்டை ஓட்டில் துளை போடவும் மூளைக்குள் ஊசியோ மின்கம்பியோ செலுத்தவும் இன்று புழக்கத்தில் உள்ள ரோபோக்களில் பெரும்பாலானவை தாமாக எதையும் துளைப்பதில்லை. நோயாளியின் எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களைப் பார்த்து, எந்த இடத்தில் நுழைந்து, எந்த ரத்தக்குழாயைத் தவிர்த்து, எங்கே போய் நிற்பது என்று ஒரு மனிதர்தான் கணினியில் கோடு போடுகிறார். ஆபரேஷன் மேஜையில் நோயாளியின் தலை அசையாதபடி பொருத்தப்பட்ட பிறகு, அந்தப் படத்தையும் இந்தத் தலையையும் இயந்திரம் ஒன்றோடு ஒன்று பொருத்திக்கொள்கிறது. பிறகு கை நீண்டு, போட்ட கோட்டின் நேரே ஒரு குழாயைப் பிடித்தபடி பூட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அந்தக் குழாய் வழியாக டிரில்லை விடுவது அறுவை மருத்துவரின் கை. லேத் பட்டறையில் ஓட்டை கோணாமல் இருக்க ‘ஜிக்’ வைத்துப் பிடிப்பார்களே, அதன் ஒன்றுவிட்ட பேரன் இது. மிக நல்ல ஜிக், மிக விலை உயர்ந்த ஜிக். ஆனாலும் ஜிக்தான்.

இதை எழுத நீ யார் என்று கேட்கலாம். நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற எழுத்தன். சின்ன வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காரணத்தால் அந்த மொழிக் கட்டுரைகளை இன்றும் அகராதி இல்லாமல் படிக்கிறேன். இந்தக் கருவிக்குப் பிறந்த வீடுகள் சில உண்டு, அவற்றில் முக்கியமானது பிரான்ஸ். அறுவை மருத்துவத்துக்கே பிரெஞ்சில் ‘ஷிருர்ஜி’ என்று பெயர். அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல், பொருள் ‘கை வேலை’. ‘ரோபோ’ செக் மொழியில் பிறந்தது. 1920-இல் காரெல் சாப்பெக் எழுதிய நாடகத்தில் வந்தது, கூலியில்லாமல் செய்யும் கட்டாய வேலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து. கை வேலைக்காரர் முதலாளி, வெட்டி வேலைக்காரன் உதவியாள். சொற்களுக்கே இந்த வரிசை தெரிந்திருக்கிறது, விளம்பரக்காரருக்குத் தெரியவில்லை.

டிரில் உள்ளே பாய்ந்துவிடுமோ என்ற பயம் புதிதல்ல. மண்டையில் துளை போடும்போது கருவியை அடிக்கடி வெளியே எடுத்துக் குளிர்ந்த நீரில் நனைக்கச் சொன்னவர் ஹிப்போகிரட்டஸ். சூடேறினால் எலும்பு வெந்துபோகும் என்ற கவலை. 16-ஆம் நூற்றாண்டில் ஆம்ப்ருவாஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவையாளர் (நாவிதராகத் தொழில் தொடங்கியவர்) தம் துளைக் கருவிக்கு ‘ஷப்பெரோன்’ என்று ஒரு வளையம் மாட்டினார். குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் அது போகவிடாது. இன்று எலும்பின் உட்புறத்தைத் தாண்டியதுமே தானாக நின்றுவிடும் டிரில்கள் இருக்கின்றன, அதற்கு ரோபோ தேவையில்லை. ஆகவே ‘பாதுகாப்பு’ என்பது நேற்று வந்த கண்டுபிடிப்பு என்று யாரும் விற்க வேண்டாம்.

குறி பார்ப்பதும் அப்படியே. விலங்குகளின் மூளையில் ஊசியைத் துல்லியமாக இறக்க ஹார்ஸ்லியும் கிளார்க்கும் லண்டனில் 1908-இல் ஒரு சட்டகம் பற்றி எழுதினார்கள். மனிதருக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பீகலும் வைசிஸும், பிலடெல்பியாவில், 1947. அடுத்த இரண்டு வருடத்தில் ஸ்டாக்ஹோமில் லெக்ஸல் வில் வடிவச் சட்டகம் செய்தார். பாரிஸ் சேந்த்-ஆன் மருத்துவமனையில் தலெய்ராக், மனநல மருத்துவராகத் தொடங்கி அறுவைக்கு வந்தவர், தமக்கென்று ஒன்று செய்தார். எக்ஸ்ரேயில் உருவம் பெருத்துத் தெரியக் கூடாது என்று எக்ஸ்ரே குழாயைச் சில மீட்டர் தள்ளி வைத்துப் படம் எடுத்த மனிதர் அவர். பாங்கோ என்ற சகாவோடு சேர்ந்து, வலிப்பு மூளையின் எந்த மூலையில் கிளம்புகிறது என்று பார்க்கப் பல மெல்லிய மின்முனைகளை உள்ளே இறக்கும் முறையை உருவாக்கினார்.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-இல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தியும், அவரோடு இருந்த பாலசுப்பிரமணியம், கல்யாணராமன் ஆகியோரும் 1960-களிலேயே சட்டகம் வைத்து நடுக்குவாதத்துக்கு அறுவை செய்தார்கள். சி.டி. கிடையாது, எம்.ஆர்.ஐ. கிடையாது. எக்ஸ்ரே படமும் அளவுகோலும் கணக்கும்தான்.

அப்படியானால் ரோபோ வீண் ஜம்பமா? அதுவும் இல்லை. “எங்க காலத்து டாக்டருக்குக் கையே போதும்” என்று மீசை முறுக்கும் நம் கூட்டாளிகளுக்கும் இந்த இடத்தில் ஒரு குட்டு வைக்க வேண்டியிருக்கிறது.

எழுத்தனாக இருந்தவனுக்கு இது சட்டென்று புரியும். லெக்ஸல் சட்டகத்தில் ஒரு பாதைக்கு ஐந்து எண் வைக்க வேண்டும்: நீளம், அகலம், உயரம், இரண்டு கோணங்கள். வலிப்பு நோயாளிக்கு 14 மின்முனை என்றால் 70 எண்கள். கணினியில் பார்த்து, உரக்கப் படித்து, இன்னொருவர் கேட்டு, திருகாணியைத் திருப்பி, மூன்றாமவர் சரிபார்த்து, இப்படி 70 தடவை. எங்கள் பிரிவில் ஒரு முறை பணிப்பதிவேட்டிலிருந்து பிறந்த ஆண்டை நகலெடுத்தபோது இரண்டு இலக்கம் இடம் மாறிப் போனது. எழுதியவர் ஒழுங்கானவர், சரிபார்த்தவர் அதைவிட ஒழுங்கானவர். இருவர் கண்ணிலும் படவில்லை. அந்த ஓய்வூதியர் இரண்டு வருடம் படி ஏறி இறங்கினார். அங்கே போனது பணம். மூளைக்குள் இலக்கம் இடம் மாறினால் போவது பேச்சாக இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம். எண்ணை நகலெடுக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது பாருங்கள், இந்த ரோபோவின் உண்மையான பெருமை அங்கேதான் இருக்கிறது. விளம்பரத்தில் அது ஒரு வரி கூட வருவதில்லை.

தொழிற்சாலைக்குச் செய்த ‘பூமா’ என்ற இயந்திரக் கையை வைத்து, மூளையிலிருந்து சதைத்துணுக்கு எடுக்கும் ஊசிக்கு வழிகாட்டிய முதல் முயற்சி 1985-இல் கலிபோர்னியாவில் நடந்தது. 1989-இல் கிரெனோபிளில் பெனாபித் குழுவினர் மூளை அறுவைக்கென்றே அமைத்த ரோபோவை நோயாளியிடம் பயன்படுத்தினார்கள். இதே பெனாபித்தான் 1987-இல், மூளையின் ஆழத்தில் வேகமான மின்துடிப்பு கொடுத்தால் கை நடுக்கம் அடங்குவதைக் கண்டவர். பிறகு மோன்பெல்லியேயில் பெர்தேன் நயூம் என்ற ஆப்பிரிக்க வம்சாவளிப் பொறியாளர் 2002-இல் தொடங்கிய கம்பெனி ‘ரோசா’வைச் செய்தது. 2016-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று அதை வாங்கிவிட்டது. விளம்பர பாஷை அப்போது வந்ததா, முன்னமே இருந்ததா, அது வேறு கதை.

இப்போது “பிழையே இல்லை” என்ற பேச்சுக்கு வருவோம். மிலான் நகரின் நிகுவார்தா மருத்துவமனை 500 வலிப்பு அறுவைகளின் கணக்கை 2013-இல் ஒளிக்காமல் வெளியிட்டது. பழைய முறையில் மின்முனை நுழையும் இடத்தில் 1.43 மி.மீ. விலகல். ரோபோவோடு சேர்ந்த புதிய முறையில் 0.78 மி.மீ. அருமை. ஆனால் போய்ச் சேரும் இடத்தில்? 2.69 மி.மீ. என்று இருந்தது 1.77 ஆனது. நுழைவாயிலைவிட உள்ளே இரண்டு மடங்குக்கு மேல். ஏன்? எலும்பு சரிவாக இருந்தால் டிரில் வழுக்கும். மெல்லிய கம்பி போகப்போகச் சற்றே வளையும். குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் இயந்திரக் கைக்கு அதன் நுனி உள்ளே எங்கே போகிறதென்று தெரியாது. இன்னொன்று, இவை நடு மதிப்புகள். பாதி மின்முனைகள் இதைவிடக் குறைவாக விலகின, மீதிப் பாதி இதைவிட அதிகமாக விலகின என்று பொருள். நேர்மையான டாக்டர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். அதே ஊசி நம் ஊர் விளம்பரப் பலகைக்கு வந்ததும் விலகல் பூஜ்யமாகிவிடுகிறது!

தவிர, துளை போட்டு மூளை உறையைத் திறந்ததும் சுற்றியிருக்கும் நீர் கொஞ்சம் கசியும், காற்று புகும், மூளை சற்று அமிழும். இயந்திரத்திடம் இருப்பதோ அதற்கு முன் எடுத்த படம். படத்தையும் தலையையும் பொருத்தும்போதே ஒரு தவறு நேர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கையால் செய்தால் ஒரு எண் தவறும். இங்கே 14 மின்முனைகளும் ஒரே சீராக, மிகத் துல்லியமாக, தப்பான இடத்துக்குப் போகும். இதைக் கண்டுபிடிக்க முகத்தில், எலும்பில் தெரிந்த ஓர் இடத்தில் நுனியை வைத்துப் பார்த்து “சரியாக இல்லையே” என்று சொல்லி நிறுத்துகிற ஒரு மனிதர் வேண்டும். அவர் கைகட்டி நிற்கக் கூடாது.

என்னோடு ஒரே பிரிவில் 19 வருடம் வேலை பார்த்த நண்பருக்கு நடுக்குவாதம். மாத்திரை வேலை செய்யும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. மின்கம்பி வைக்கலாம் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லி இரண்டு விலை கொடுத்தார்கள், சாதா ஒன்று, ரோபோ ஒன்று. இரண்டுக்கும் இடையில் நண்பரின் வீட்டு மனை ஒன்றின் விலை. அவர் மகள் கேட்டிருக்கிறாள், “யார் சார் ஆபரேஷன் பண்ணுவாங்க?” கவுண்டரில் இருந்த பையன், “ரோபோ மேடம்” என்றானாம். அவன் பேரில் எனக்குக் கோபம் இல்லை, சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான். ஆனால் கணக்குப் பாருங்கள். நடுக்குவாதத்துக்குப் பெரும்பாலும் இரண்டு கம்பி. பத்தே எண்கள். சட்டகம் வைத்து நல்ல கைகள் பல வருடமாக இதைச் செய்து வருகின்றன. பலன் தருவது சரியான நோயாளியைத் தேர்ந்தெடுப்பதும், குறியைச் சரியாக எடுப்பதும், பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து மின்துடிப்பின் அளவைக் கூட்டிக் குறைப்பதும். இதில் எதற்கும் இயந்திரக் கை வராது. “அண்ணா, மனையை வித்துடவா?” என்று அவர் மனைவி என்னிடம் போனில் கேட்டார். முதலில் அந்த டாக்டர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், எத்தனை பேருக்கு ரத்தக்கசிவு வந்தது, பின்னால் அளவு சரிசெய்யப் போகிறவர் யார், இந்த மூன்றையும் கேளுங்கள், மனையைப் பிறகு பேசலாம் என்றேன்.

வேண்டாதவர்களிடம் விற்கும் இந்த இயந்திரம் வேண்டியவர்களுக்குக் கிடைப்பதில்லை. வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மருந்து கேட்பதில்லை. அவர்களிலும் சிலருக்கு, எங்கே கிளம்புகிறது என்று உள்ளே பார்த்தால்தான் அறுவை செய்ய முடியும். எழுபது எண்களின் கதை அவர்களுடையது. நேரமும் மிச்சம், பிழையும் குறைவு. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளைகள், கல்யாணம் தட்டிப்போகும் பெண்கள், பெரும்பாலும் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள். தில்லி எய்ம்ஸில் வலிப்பு அறுவைக்கு ரோபோ பயன்படுகிறது, ஆகவே அரசு இடத்தில் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வாங்கினால் மட்டும் போதாது என்பதும் தெரியும். ஓர் அலுவலகத்தில் புதிதாக வந்த இயந்திரம் உறை கூடக் கழற்றாமல் மூன்று வருடம் மூலையில் கிடந்ததைப் பார்த்தவன் நான். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான கோப்பு மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கோப்புகளில் நாங்கள் மதித்த ஒன்று உண்டு. குறிப்பு எழுதியவர் சுருக்கொப்பம், பார்த்தவர் சுருக்கொப்பம், உத்தரவிட்டவர் கையெழுத்து, தேதி. இருபது வருடம் கழித்து எடுத்தாலும் யார் சொன்னது என்று தெரியும். ரோபோ அறுவையில் ஏதாவது கெட்டுப் போனால் ‘கருவிக் கோளாறு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட வழி இருக்கக் கூடாது. அறுவைக்குப் பின் எப்படியும் ஸ்கேன் எடுக்கிறார்கள். கோட்டுக்கும் கம்பிக்கும் எவ்வளவு விலகல் என்று அளக்க அதுவே போதும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற தாளில் பாதையைத் திட்டமிட்டவர் பெயர், துளை போட்டவர் பெயர், ஒவ்வொரு கம்பிக்கும் மி.மீ. கணக்கில் விலகல், கீழே ஒரு மனிதரின் கையெழுத்து. அரசானாலும் தனியாரானாலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சுகாதாரத் துறைக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், தமிழில் இரண்டு பக்கம். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். ஒப்புதல் உள்ளவர்கள் அதில் பெயரைத் தெளிவாக எழுதி, அடியில் தேதியும் போடுங்கள்.