திரி இல்லாத வெடி



சிவகாசியில் வெடிக்குழாய் சுருட்டிப் பிழைக்கும் ஒரு விதவைத் தாயின் இளைய மகள், சென்ற மாதம் ஒருநாள் அஸருக்குப் பின் பழைய மடிக்கணினி ஒன்றைத் துணிப்பையில் எடுத்து வந்தாள். அவளுடைய அக்காள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த 2012-ஆம் ஆண்டில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி அது.

"வைஃபை செத்துப்போச்சு, ஹஜ்ரத். இனி இது தேறாதுன்னு கடையில சொல்லிட்டாங்க" என்றாள்.

கல்வி உதவித்தொகை விண்ணப்பத்திற்கு ஐந்து நாள்களே மீதமிருந்தன. வீட்டில் இருப்பதோ பொத்தான் போன். கல்லூரியிலும் பெரியம்மா வீட்டிலும் வைஃபை உண்டு. கணினிதான் அதைக் காண மறுத்தது.

2011 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது நினைவிருக்கலாம். பல வீடுகளில் அதைத் திறந்து பார்த்தவரே இல்லை. விண்டோஸ் 7-க்கோ 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே உறவுக்காரப் பையன் ஒருவன் அதில் டெபியன் 12 என்னும் லினக்ஸை ஏற்றித் தந்திருக்கிறான். (பாஸ் லினக்ஸுக்கும் மூலம் டெபியனே.) அன்றிலிருந்துதான் வைஃபை இல்லை. முந்தின நாள் வரை ஓடியது மறுநாள் ஓடவில்லையெனில், பழுது பொருளில் இல்லை என்று அப்போதே எனக்குப் பட்டது.

நான் வரலாறு படித்தவன், மின்னணுவியல் அறியேன். மதரஸா அலுவலகக் கணினியோடு மல்லுக்கட்டிக் கற்றதே என் மூலதனம். நம் பக்கத்து உவமையில் சொன்னால், மருந்து அடைத்துக் கட்டிய வெடிக்குத் திரி வைக்க மறந்தது போன்றது இது. வைஃபை சில்லுகள் பலவற்றுக்குத் தம் வேலையை நினைவில் வைக்கும் ஆற்றல் கிடையாது. கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேர் என்னும் சிறு கோப்பை அவற்றுள் செலுத்தியாக வேண்டும். மூலநிரலைத் திறந்து காட்டாத இத்தகைய கோப்புகளைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் தட்டில் சேர்ப்பதில்லை என்பது டெபியனின் நெடுநாள் கொள்கை. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி அதைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் பெரும்பாலான கோப்புகள் உடன் வருகின்றன. கொள்கையில் நியாயம் இல்லாமல் இல்லை; ஆயினும் இணையக் கம்பி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரும் சுவராகவே இருந்தது.

முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளையைக் கொடுத்தேன். பழைய மடிக்கணினிகள் சிலவற்றின் ஓரத்தில் வைஃபையை அணைக்கும் சிறு விசை உண்டு. அது அணைந்திருந்தால் மற்ற முயற்சியெல்லாம் வீண். இங்கு அது சரியாகவே இருந்தது. 'எல்எஸ்பிசிஐ' சில்லின் எண்ணைக் காட்டியது. 'டிமெஸ்க்' பதிவில், ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. புதிய டெபியனிலும் ஏன் இல்லை? இச்சில்லுக்கான கோப்பைப் பிறர் பகிர உரிமம் இடம் தரவில்லை. எனவே 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' என்னும் பொதி, தயாரிப்பாளரின் சொந்த இயக்கியை இணையத்திலிருந்து இறக்கி, அதிலிருந்து தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. நல்ல தந்திரம்!

இணையம் வர இணையம் வேண்டும் என்ற நிலை. என் கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, 'யுஎஸ்பி டெதரிங்' வசதியை இயக்கினேன். கணினி அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொண்டது. மென்பொருள் மூலப் பட்டியலில் 'கான்ட்ரிப்' பிரிவைச் சேர்த்து, பொதியை நிறுவி, கணினியை அணைத்து இயக்கினோம். தெருவிலுள்ள வைஃபை பெயர்களெல்லாம் திரையில் வரிசையாக நின்றன. (எல்லாச் சில்லுக்கும் இந்தப் பொதி பொருந்தாது, எண்ணைப் பார்க்காமல் எதையும் ஏற்ற வேண்டாம்.)

நான்காம் நாள் பெரியம்மா வீட்டிலிருந்து விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். வெடிக்குழாய்க்கு வந்த காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, சில்லின் எண்ணையும் பொதியின் பெயரையும் எழுதி, கணினியின் அடியில் பசை தடவி ஒட்டி வைத்திருக்கிறாள்.