எதிர்வீட்டுச் சன்னல்

ஆல்பிரட் ஹிட்ச்காக் 1954-இல் உருவாக்கிய ‘ரியர் விண்டோ’ படத்தை அண்மையில் மீண்டும் கண்டேன். கால் முறிந்து நாற்காலியில் முடங்கிய புகைப்படக்காரன் ஒருவன், பொழுது போகாமல் எதிர்வீடுகளை நோக்குகிறான். ஒரு வீட்டில் கொலை நடந்திருக்குமோ என்று ஐயுறுகிறான். படம் முழுவதும் ஏறக்குறைய அவன் அறையிலிருந்தே நமக்குக் காட்டப்படுகிறது. அவன் கண்களே நம் கண்கள். கொலை நடந்திருக்க வேண்டுமே என்று நம் நெஞ்சமும் விரும்பத் தொடங்குகிறது! படத்தின் கவர்ச்சி அதுதான். அது நம்மீது சாட்டும் குற்றமும் அதுவேயன்றோ?

நண்பர்களே, என்னைச் சுட்டது வேறொரு காட்சி. நாய்க்குட்டி ஒன்று கொல்லப்படுகிறது. வளர்த்தவள், அண்டை வீட்டார் என்றால் ஒருவர்மீது ஒருவருக்கு அக்கறை வேண்டாமா என்று கதறுகிறாள். ஏறக்குறைய எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு உள்ளே போய்விடுகிறார்கள்.

பார்ப்பது பாவமன்று. அந்தப் புகைப்படக்காரன் பாராதிருந்தால் கொலையாளி தப்பியிருப்பான். பார்த்தும் பரிவு கொள்ளாமையே பாவம். நம் விடுதியில் எதிர் அறை நண்பன் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறான் என்பதை அறிவோம். நேற்றிரவு அவன் உண்டானா என்பதை அறிவோமா?