வண்டி நின்றால் கூலியும் நிற்குமா?

2023 செப்டம்பர் 11 அதிகாலை. கர்நாடகத்தின் தர்மஸ்தலாவுக்குப் போய்த் திரும்பிய சுற்றுலா வேன் ஒன்று, திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே பெங்களூரு – சென்னை நெடுஞ்சாலையில் பஞ்சராகி நின்றது. பயணிகள் இறங்கிச் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோதியதில் ஏழு பெண்கள் உயிரிழந்தார்கள். செய்தி மறுநாளே பழையதாகிவிட்டது.

அவர்கள் கோயிலுக்குப் போனவர்கள். எங்கள் நைனார்பாளையம் பக்கத்திலிருந்து வேன் ஏறுகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகளும் சமவெளிக் காலனி மக்களும்தான் அதில் அதிகம். கர்நாடகத் தோட்டம், கேரளத்து மிளகு, பெங்களூரு கட்டடம் என்று மேஸ்திரி அழைத்துப் போகிறார். முன்பணம் வாங்கியாகிவிட்டதால், டயர் தேய்ந்திருக்கிறதா, ஸ்டெப்னி இருக்கிறதா என்று யாரும் கேட்க முடியாது.

எல்லை தாண்டி வண்டி நின்றால் என்ன நடக்கிறது? நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஆண்கள் தள்ள வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் இருட்டில் காத்திருக்க வேண்டும். பெர்மிட் முடிந்த வண்டியாக இருந்தால் டிரைவர் போலீசைக் கூப்பிடவும் அஞ்சுவார். போன நாளுக்குக் கூலி கிடையாது. சில மேஸ்திரிகள் மெக்கானிக் செலவையும் முன்பணக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள்.

ஆந்திரமென்றால் இன்னொரு பயமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரை ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பிவந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அதற்குப் பிறகு, அந்தச் சாலையோரத்தில் கூட்டமாக நிற்பது மலைவாசிக்கு வெறும் காத்திருப்பாக எப்படி இருக்கும்?

வண்டிக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு 1929இல் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் பதில் கிடைத்தது. தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்டுவது கௌரவக் குறைவு என்று டோங்காக்காரர்கள் மறுத்தார்கள். அண்ணல் அம்பேத்கருக்காக, ஓட்டப் பழகாத ஒருவர் வண்டியை ஓட்ட வேண்டியதாயிற்று. பாலத்தில் வண்டி விபத்துக்குள்ளாகி அவர் கால் முறிந்தது. யாருக்கு எந்த வண்டி என்பதைச் சாதி தீர்மானித்தால், யாருடைய எலும்பு முறியும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. இன்று மேலாளருக்குக் கார், கூலிக்கு ஓட்டை வேன்.

சட்டம் இதில் ஊமையாக இருக்கவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், 1979, போகவும் வரவும் பயணப்படி தரச் சொன்னது. பயண நேரத்தையும் வேலை நேரமாகக் கருதிக் கூலி தரச் சொன்னது. அப்படியானால் பழுதாகி நின்ற மணிநேரமும் பயணம்தான், அதற்கும் கூலி உண்டு. எங்கள் ஊரில் அதை வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தப் பயணக் கூலியே இல்லை. ஐந்து தொழிலாளர் என்றிருந்த வரம்பும் பத்தாகிவிட்டது. கொடுக்காமல் ஏமாற்றியதை, கொடுக்கவே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கிறது. பயணக் கூலியைத் திரும்பக் கொண்டுவரும் திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு முன்வைக்க வேண்டும். பழுதுச் செலவைக் கூலியில் பிடிப்பதைக் குற்றமாக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. வேன் கிளம்பும்முன் வண்டி எண், மேஸ்திரி பெயர், ஏறியவர்கள் பட்டியல் ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும். எச்சரிக்கை முக்கோணமும் டார்ச்சும் இல்லாத வண்டியில் ஏற மறுப்போம். நின்றுவிட்டால் வண்டிக்கு முன்னும் பின்னும் உட்காராமல், தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்போம். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. காலனிகளிலும் மலைக் கிராமங்களிலும் இதைச் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் படித்த இளைஞர்கள் இந்தச் சீசனிலேயே தொடங்கலாம். தனியாக ஒருவர் ஏற மறுத்தால் மேஸ்திரி வேறு ஆளைப் பிடிப்பார். ஊரே மறுத்தால் வேறு வேனைத்தான் பிடிக்க வேண்டும்.