கடை போர்டும் கண் திருஷ்டியும்

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டிலாவது, திருவண்ணாமலை ரோட்டிலாவது ஒரு சிறு கடை வைக்க நினைக்கும் ஒருவர், இன்றைய வழக்கப்படி முதலில் யாரிடம் போகின்றார் என்று பார்த்தால், போர்டு எழுதுகிறவரிடம் போவதில்லை. கடைக்கு வரப்போகும் ஜனங்களை விசாரிப்பதுமில்லை. நேரே எண் ஜோதிடரிடம் போகின்றார். அவர் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுகின்றார். பிறகு பஞ்சாங்கக்காரர் நாள் குறிக்கின்றார். வாஸ்துக்காரர் போர்டு எந்தத் திக்கைப் பார்க்கவேண்டும் என்கின்றார், ரோடு எந்தப் பக்கம் இருக்கின்றது என்பதைப்பற்றி அவருக்குக் கவலையில்லை. இத்தனை பேருக்கும் அழுதது போக மிச்சமிருக்கும் பணத்தில்தான் போர்டு வருகின்றது.

அந்தப் போர்டையாவது பார்ப்போம். உச்சியில் குலதெய்வம் துணை. நடுவில் பெரிதாய் ஒரு சாமி பெயர். ஒரு பக்கம் சாமி படம், மற்றொரு பக்கம் முதலாளி படமோ தலைவர் படமோ. இவ்வளவுக்கும் இடம் கொடுத்தான பிறகு, கீழே மூலையில் கடுகளவு எழுத்தில் "சைக்கிள் ரிப்பேர்" என்று இருக்கும். பஞ்சரான வண்டியை உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டு வருகின்ற ஒரு கூலிக்காரன் கண்ணுக்கு எது முதலில் படவேண்டும்? கடைக்காரரின் குலதெய்வம் எது என்று தெரிந்து அவனுக்கு ஆவதென்ன?

தோழர்களே! கடை போர்டு என்பது வருகிறவனுக்காக ஏற்பட்டதே தவிர, வைத்தவனுக்காக ஏற்பட்டதல்ல. இங்கே என்ன கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும், எப்பொழுது கிடைக்கும் என்கின்ற மூன்றையும் சொல்லாத போர்டு போர்டாகாது. இதைச் சொன்னால் நம்மை நாத்திகர், எதிலும் குற்றங்காண்கிறவர் என்கின்றார்கள். சரி, அவர்கள் நம்புகின்ற சங்கதியையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

எண் ஜோதிடம் என்பது என்ன? ஆங்கில எழுத்து இருபத்தாறுக்கும் ஒன்று முதல் எட்டு வரையில் எண் போட்டுப் பெயரைக் கூட்டிப் பார்ப்பதுதான். நம் நாட்டில் அதிகமாய் நடமாடும் இந்தக் கணக்கைப் பரப்பியவர் கீரோ என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் அயர்லாந்துக்காரர். 1866-ல் பிறந்து 1936-ல் இறந்தவர். ஒன்பதுக்கு மாத்திரம் அதில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. ஏனென்றால் அது தெய்வீக எண்ணாம்! செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் ஏற்றிக்கொண்டு வருகின்ற விவசாயி தமிழில் படிக்கின்றான். ஆங்கில எழுத்துக்கு ஓர் அயர்லாந்துக்காரர் போட்ட எண் அவனை எப்படிக் கடைக்குள் இழுத்துக்கொண்டு வரும்? 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தபோது, கூட்டு எண் ஐந்துள்ள கடையும் எட்டுள்ள கடையும் ஒரே நாளில்தானே கதவைச் சாத்தின? ஐந்தாம் எண்காரர் கடைக்கு மட்டும் நோய்க்கிருமி விலகிப்போயிற்றா?

"போகட்டுமே, ஒரு மனத்திருப்திதானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். நஷ்டம் பணம் மாத்திரமல்ல. தையல் சரியில்லாமல் கடை படுத்துவிட்டால், அந்த முதலாளி தன் தையலைச் சந்தேகிப்பதில்லை, எழுத்தைச் சந்தேகிக்கின்றார். மறுபடியும் ஜோதிடர், மறுபடியும் ஓர் எழுத்து, மறுபடியும் ஒரு புதுப் போர்டு. கோணல் தையல் மட்டும் அப்படியேதான் இருக்கின்றது.

இதைவிட வேடிக்கை, போர்டின் கீழே தொங்குகின்ற சாமான்கள். வெண்பூசணி, கறுப்புத் துணியில் கட்டிய படிகாரம், ஆகாச கருடன் கிழங்கு, எலுமிச்சையும் மிளகாயும், நாக்கைத் தொங்கவிட்ட பொம்மை முகம்! போர்டு மாட்டுவது நாலுபேர் கண் படவேண்டும் என்பதற்காக. அதன் கீழே பூசணி கட்டுவது கண் படக்கூடாது என்பதற்காக. ஒரே ஆணியில் இரண்டையும் மாட்டுகின்ற புத்திக்கு என்ன பெயர் வைப்பது? போதாதற்கு அமாவாசை தோறும் அந்தப் பூசணியை ரோட்டில் போட்டு உடைத்துவிட்டுப் போகின்றார்கள். அதில் வழுக்கி விழுகின்ற சைக்கிள்காரன் யாருடைய திருஷ்டியைக் கழிக்கின்றான்?

நிற்க. இவையெல்லாம் அறியாமை என்றாவது விட்டுவிடலாம். போர்டில் பிறப்பை எழுதுவது அறியாமையல்ல, அகம்பாவம். நம் நாட்டில் ரயில் ஸ்டேஷன் சாப்பாட்டுச் சாலைகளில் பிராமணருக்கு வேறு இடம், மற்றவருக்கு வேறு இடம் என்று போர்டு தொங்கியது. அது கிளர்ச்சியின் பேரில் 1941-ல்தான் ஒழிந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் ஓட்டலின் போர்டில் இருந்த "பிராமணாள்" என்கின்ற ஒரு சொல்லை எடுக்கச்சொல்லி 1957-ல் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. ஆயிரம் பேருக்குமேல் கைதானார்கள். கடைசியில் 1958-ல் அந்தச் சொல் இறங்கிற்று. 2012-ல் ஸ்ரீரங்கத்தில் அதே சொல் மறுபடியும் தலைகாட்ட, மறுபடியும் கிளர்ச்சி நடக்கவேண்டியதாயிற்று. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள், ஒரே சொல்தானே, அதை எடுத்துவிட்டால் என்ன என்று போர்டு வைத்தவரை ஏன் கேட்பதில்லை?

"பிராமணாள் என்றால் காய்கறிச் சாப்பாடு என்று அர்த்தம், வேறொன்றுமில்லை" என்று சொல்லிப் பார்த்தார்கள். காய்கறிச் சாப்பாட்டுக்குத் தமிழில் பெயரா இல்லை? "சைவ உணவு" என்று எழுதினால் போர்டு கோபித்துக்கொள்ளுமா? பண்டத்தின் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் சமைத்தவன் ஜாதியைச் சொல்வதற்கு, உண்பவனை இன்னான் என்று அளப்பது தவிர வேறு காரணம் கிடையாது.

இது பழங்கதை என்று நினைக்கவேண்டாம். 2024-ம் வருஷம் ஜூலை மாதம் உத்தரப்பிரதேசத்தில், காவடி யாத்திரை போகின்ற வழியிலுள்ள சாப்பாட்டுக் கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் போர்டில் எழுதவேண்டும் என்று முசாபர்நகர் போலீசார் சொன்னார்கள். பெயரைப் படித்தால் மதம் தெரியும். மதம் தெரிந்தால் எந்தக் கடைக்குப் போகக்கூடாது என்பது தெரியும். உள் எண்ணம் அவ்வளவுதான். அந்த மாதம் 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. என்ன வகைச் சாப்பாடு என்று எழுதச் சொல்லலாம், யாருடைய பெயரையும் எழுதும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்றது. நாம் கேட்பதும் அதுதான்.

இனி, கடைக்குள்ளே மாட்டுகின்ற பலகைக்கு வருவோம். வெளிப்பலகையைப் பற்றியாவது நாலுபேர் யோசிக்கின்றார்கள். உள்பலகையைப் பற்றி யோசிக்கிறவர் அபூர்வம். உள்ளே நுழைந்தால் என்ன இருக்கின்றது? வரிசையாய்ச் சாமி படங்கள். "கடன் அன்பை முறிக்கும்". "இன்று ரொக்கம், நாளை கடன்". பணம் வாங்குகின்ற கியூ.ஆர். அட்டை மட்டும் பளபளவென்று கண்ணுக்கு நேரே. அதாவது, வாங்குகிறவன் கொடுக்கவேண்டியது எல்லாம் எழுதியிருக்கின்றது; அவனுக்குக் கிடைக்கவேண்டியது ஒன்றும் எழுதவில்லை. விலைப்பட்டியல் எங்கே என்றால், "கேட்டால் சொல்லுவோம்" என்கின்றார்கள்.

கேட்டால் சொல்லுகின்ற விலைதான் ஆள் பார்த்துச் சொல்லுகின்ற விலை. வெள்ளை வேட்டிக்கு ஒரு விலை, அழுக்கு லுங்கிக்கு ஒரு விலை. உள்ளூர்க்காரனுக்கு ஒன்று, அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினவனுக்கு வேறொன்று. பொட்டலத்தில் அடைத்த சாமானுக்காவது 2011-ம் வருஷத்து விதிகளின்படி உச்சவிலை அச்சடிக்கவேண்டும். உதிரிச் சரக்குக்கும், டீக்கும், தையற் கூலிக்கும் சுவரில் எழுதினால்தான் உண்டு. எழுதிவிட்டால் பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் ஒரே விலை என்று ஆகிப்போகின்றது. விலை கேட்பதற்கே கூச்சப்பட்டு வாசலில் நின்று திரும்பிப்போகின்ற ஏழைப் பெண்பிள்ளை, சுவரைப் படித்துவிட்டுத் தைரியமாய் உள்ளே வருவாள். ஆகவே, மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் இந்த ஒரு பலகை இல்லாமல் கடை திறக்கவேகூடாது என்பது நமது அபிப்பிராயம். கூடவே இன்னொரு வரியும் எழுதலாம். கடைச் சிப்பந்திகள் உட்காருவதற்கு வசதி செய்துகொடுக்கவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதைச் சுவரில் எழுதிவைத்தால், நாள் முழுதும் நிற்கின்ற பெண்ணுக்குத் தன் பாத்தியதை தெரியும்.

எழுதுவது எந்தப் பாஷையில்? 2025 ஜூலையில் யுனெஸ்கோ சபையார் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. இனி வெள்ளைக்காரர் கூட்டங் கூட்டமாய் வருவார்கள் என்று சொல்லி, இட்டிலிக் கடைக்கும் ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைக்கக் கிளம்புவார்கள் சிலர். கடை போர்டில் தமிழ் இருக்கவேண்டும், மற்ற பாஷைக்கு மேலே, அதைவிடப் பெரிதாய் இருக்கவேண்டும் என்று தமிழ்நாட்டுக் கடைகள் விதிகளிலேயே இருக்கின்றது. விதிக்காக வேண்டாம், வியாபாரத்துக்காகவே யோசியுங்கள்: வருஷம் முழுதும் இட்டிலி தின்கிறவன் யார்?

இதற்குச் சாட்சி நம் ஊரைச் சுற்றியுள்ள பாறைகளே. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமலே மும்மூர்த்திகளுக்கு இதைச் செய்தேன் என்று பெருமையாய் வெட்டிவைத்திருக்கின்றான், சமஸ்கிருதத்தில். உளி பிடித்துக் கல்லைக் குடைந்த தச்சருக்கு அதில் ஓர் எழுத்தாவது புரிந்திருக்குமா? செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்றில் ஒரு சமணக் கல்வெட்டு உண்டு. அது தமிழ். ஒரு சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் என்று சொல்லுகின்றது. பட்டினி கிடந்து சாவதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால், யார், என்ன, எத்தனை நாள் என்பதைச் சில சொல்லில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்ட அந்தக் கையை மெச்சத்தான் வேண்டும். "ஐ" என்னும் எழுத்து முதன்முதலில் காணப்படுவதும் அதில்தான் என்று கல்வெட்டாராய்ச்சிக்காரர்கள் சொல்லுகின்றார்கள்.

எழுத்தின் அளவைப்பற்றி ஒரு வார்த்தை. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது போர்டுக்காரர்கள் கணக்கு. முப்பதடி ரோட்டுக்கு எதிர்ப்புறமிருந்து படிக்க மூன்றங்குலமாவது வேண்டும். சுழியும் கொம்பும் நிறைந்த தமிழெழுத்துக்குக் கொஞ்சம் கூடவே. மஞ்சள்மேல் கறுப்பு தூரத்தில் நன்றாய்த் தெரியும். சிவப்புமேல் நீலம் கண்ணைக் கூசவைக்கும். பெரிதாய் வைக்கிறேன் என்று ரோட்டின்மேல் நீட்டுவது வேறு விபரீதம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணப் பேனர் விழுந்து, வண்டியில் வந்த 23 வயதுப் பெண் தண்ணீர் லாரியில் அகப்பட்டு இறந்தாள். பிளெக்ஸ் சீலை செஞ்சி வெயிலுக்குச் சீக்கிரம் வெளுத்துவிடும். தகரத்தில் பெயிண்டால் எழுதியது வருஷக்கணக்கில் நிற்கும். பிளெக்ஸ் வந்ததால் வேலையிழந்த கையெழுத்துக்காரர்கள் இன்னும் அங்கங்கே இருக்கின்றார்கள். எண் ஜோதிடருக்கென்று எடுத்துவைத்த பணத்தை அவர்களிடம் கொடுத்தால், உள்ளே மாட்டவேண்டிய விலைப்பட்டியலையும் சேர்த்து எழுதித் தருவார்கள்.