யார் மிதிப்பார்கள் என்று கேட்பவருக்கு

“சென்னை வெயிலில் யார் சைக்கிள் மிதிப்பார்கள்? இதற்குத் தனிப் பாதை போடுவது மக்கள் பணத்தை வீணடிப்பது” என்று எழுதியிருக்கிறார் ஒருவர்.

விடியற்காலையில் உங்கள் வாசலில் பேப்பர் போட்டுவிட்டுப் போனவர் எதில் வந்தார்? கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்குக் கட்டட வேலை நடக்கும் இடங்களைச் சுற்றி வருகிறவர்? ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு, மிதித்தே வீடு போய்ச் சேரும் வாட்ச்மேன்? மிதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணக்கில்தான் அவர்கள் ஆளாக இல்லை. இந்த வாதத்தில் என்னைக் கொதிக்க வைப்பது அதுதான்.

வெயில்தான் தடை என்றால் சென்னை ஐஐடி வளாகத்துக்குள் போய்ப் பாருங்கள். மாணவர்கள் அங்கே மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது. விடுதியிலிருந்து வகுப்புக்குச் சைக்கிளில்தான் போகிறார்கள், ஏப்ரலிலும் போகிறார்கள். கேட்டுக்கு வெளியே சர்தார் படேல் சாலையில் காய்வதும் அதே வெயில். உள்ளே மரநிழல் உண்டு, வண்டிகள் நிதானமாகப் போகின்றன. வெளியே பஸ் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போகிறது. பயம் விரட்டியவர்களை வெயில் விரட்டியதாக எழுதுவது பொய்.

“சாலை ஆபத்தானது, அதில் சைக்கிளை ஊக்குவிப்பது பொறுப்பற்றது” என்கிறீர்கள். ஆபத்து சைக்கிளிலிருந்தா வருகிறது? 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 60-க்குப் போனால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. அடிக்கிறவனை விட்டுவிட்டு, அடிபடுகிறவனை வீட்டிலேயே இரு என்பது என்ன நியாயம்?

“ஆம்ஸ்டர்டாம் மோகம்” என்ற ஏச்சும் அறியாமைதான். 1971-இல் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள்; அதில் 400-க்கு மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பதே அவர்கள் இயக்கத்தின் பெயர். அங்கே இருக்கும் சைக்கிள் பாதைகள் சண்டை போட்டு வாங்கியவை.

அவ்வளவு தூரம் எதற்கு, புதுக்கோட்டைக்கு வாருங்கள். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. வயலிலும் கல்குவாரியிலும் வேலை செய்தவர்கள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லோரும் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. புதுக்கோட்டை வெயிலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்துக்கிடந்தவர்கள் தாங்களாகவே கிளம்பிப் போன அந்த வண்டியைத்தான் ‘வறுமையின் சின்னம்’ என்கிறீர்கள்.

வீண் செலவா? போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடைக்கும் சைக்கிளுக்கும் என்ற கொள்கையை 2014-இலேயே சென்னை மாநகராட்சி ஏற்றது. அந்தப் பாதைகள் எங்கே என்று கேட்டு எழுதியிருக்க வேண்டிய பேனா உங்களுடையது. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். அந்தக் காருக்குத் தெருவை இலவசமாகக் கொடுப்பது மட்டும் உங்களுக்குச் செலவாகத் தெரியவில்லை.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. பள்ளி விடும் நேரத்தில் ஏதாவது ஒரு பெரிய சாலை முனையில் நில்லுங்கள். அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கடக்க முடியாமல் ஒரு பெண் நிற்பாள். யார் மிதிப்பார்கள் என்று அவளிடம் கேளுங்கள்.