மெஷின் எழுதுவது தீர்ப்பல்ல

"ஈசிஜி தாளின் தலையிலேயே மெஷின் முடிவை அச்சடித்துத் தந்துவிடுகிறது, நர்ஸுகளுக்கு எதற்கு அதைப் படிக்கும் பயிற்சி?" என்று கேட்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடித்த ஒருவர், நெஞ்சு படபடக்கப் பக்கத்து கிளினிக்கில் வந்து படுக்கிறார் என்று வையுங்கள். உடம்பு நடுங்கினால் கோடும் நடுங்கும். அதையே 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்', அதாவது இதயத் துடிப்பு தாறுமாறாகும் கோளாறு, என்று மெஷின் எழுதிவிடக்கூடும். நிஜமாகவே இருப்பதைத் தவறவிடவும் கூடும்.

பழகிய கண்ணுக்கு இதைச் சரிபார்ப்பது பெரிய வித்தையல்ல. ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தில் 'ஆர்' முனைகளை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் உயர்ந்து நிற்கும் கூர்முனைகளை, பேனாவால் குறித்து நகர்த்துங்கள். குறிகள் பொருந்தினால் துடிப்பு சீர். இரண்டு முனைகளுக்கு நடுவே நான்கு பெரிய கட்டமா? 300-ஐ நான்கால் வகுத்தால் நிமிடத்துக்கு 75. குறிகள் எங்குமே பொருந்தவில்லை, 'ஆர்' முனைக்கு முன் வரவேண்டிய சிறு மேடான 'பி' அலையும் இல்லை என்றால் பெரும்பாலும் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான். பக்கவாத அபாயத்தைச் சுமார் ஐந்து மடங்கு கூட்டுவது.

2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கு முதல் மாத்திரைகள் கிடைக்க வழி செய்தது. அங்கே ஈசிஜியைப் படிக்கத் தெரிந்தவர் இருக்க வேண்டாமா?

மெஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சொல்வதைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்கிறேன். ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் நெரிசலைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை, நோயாளிக்கு அந்தக் கண்கள்தான் துணை.